மூன்று தட்டு

பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையைக் கூட்டுகிறவர்களில் சுப்பனும் ஒருவர். மலையைச் சுற்றிப் பாவத்தைத் தொலைத்தவர்கள் போட்டுவிட்டுப் போனதையெல்லாம் இருபத்தாறு வருஷமாக அள்ளுகிறார். இன்றைக்கும் ஒப்பந்தக் கூலிதான்.

அவர் மகன் வேடியப்பன் போன வருஷம் செங்கம் சாலையில் ஒரு விடுதியின் மலத்தொட்டிக்குள் செத்துப்போனான். "அவனை யாரும் உள்ளே இறக்கிவிடவில்லை, தவறி விழுந்துவிட்டான்" என்று விடுதியில் எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு அதோடு முடிந்தது.

அதைப் பாட்டாக்கியது ஃபைசானின் ராக் குழு. உள்ளூர்க்காரர்கள் நாலு பேர், சொந்தச் செலவு. வீடியோ எடுக்குமுன் சுப்பனுக்குப் போட்டுக் காட்டினார்கள். டிரம்ஸ் வாசிக்கிற பாலாஜி தாளத்தில் ஓர் இரும்பு வாளியையும் சேர்த்திருந்தான். டங், டங். டங், டங்.

சுப்பன் கையைத் தூக்கினார். "நிறுத்துப்பா. உள்ள எறங்குனவன் ரெண்டு தட்டுனா வாளியத் தூக்குன்னு அர்த்தம். மூணு தட்டுனாதான் ஆளத் தூக்கணும்."

"பாட்டுக்குத்தானேண்ணா…"

"உனக்குப் பாட்டு. அவன் மூணு தட்டினான்."

மகன் தொட்டிக்குள் இறங்கிய அன்றைக்கு மேலே கயிற்றைப் பிடித்திருந்தது சுப்பன். "கயித்த நான் பாத்துக்கறேன், நீ போய் ரொம்புன கழிவு டிரம்மக் கொட்டிட்டு வா" என்று விடுதி மேனேஜர் விரட்டினார். கொல்லைப்பக்கம் கொட்டும்போது மூன்று தட்டு கேட்டது. ஓடி வருவதற்குள் மறுபடியும் மூன்று. கயிறு தரையில் கிடந்தது. மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வெறும் சத்தம்.

தவறி விழுகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டா விழுவான்? சுப்பன் போலீசில் கேட்டார். அதை எவரும் எழுதிக்கொள்ளவில்லை.

வீடியோ சேதி ஒப்பந்தக்காரர் அப்பாதுரைக்கு எட்டியது. "உன் மூஞ்சி அதுல தெரிஞ்சுதுன்னா, அப்புறம் வேலைக்கு வராத."

ஃபைசான் தயங்கினான். "முதுகு மட்டும் எடுக்கறோம்ணா."

"ஏன், என் மூஞ்சி அவ்ளோ மோசமாவா இருக்குது?" என்றார் சுப்பன். யாரும் சிரிக்கவில்லை. "தப்புப் பண்ணவன் மூஞ்சிய மறைக்கட்டும். நான் எதுக்கு?"

கேமராவை நேராகப் பார்த்து மகன் பெயரைச் சொன்னார். வாளியை மூன்று முறை தட்டினார். அந்த இடத்தில் கிட்டாரும் டிரம்ஸும் நின்றுபோகும்.

வெள்ளிக்கிழமை பாட்டு வெளியானது. சனிக்கிழமை காலை வருகைப் பதிவில் அவர் பெயர் இல்லை. துடைப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் மனு வரிசை. சுப்பனுக்குப் பின்னால் அவரோடு கூட்டுகிறவர்கள் ஒன்பது பேர், அன்றைய வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

மனுவை வாங்கிய அதிகாரி நிமிர்ந்தார். "அந்தப் பாட்டுல வர்றவர்தானே? வேலை திரும்ப வேணுமா?"

"அது அப்புறம் சார். தவறி விழுந்தான்னு எழுதியிருக்கறத மொதல்ல கோடு போட்டு அடிங்க."