அலைக்குக் காத்திருந்தவர்

பிள்ளைகளே, சுனாமிக்கு அடுத்த வருஷம், வைத்திக்குப்பத்தில் நம் வீட்டுப் பின்புறம் நிலநடுக்கக் கருவி புதைக்க ஒல்லியான ஒருவர் வந்தார். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

"எதுக்கு சார் இது?" என்றேன்.

"அலை வரும், அதுக்குத்தான்."

உங்கள் அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவரும் பின்னாலேயே ஓடினார்.

"கடலலை இல்லம்மா! பூமி அதிர்ந்தா மண்ணுக்குள்ள ஓடிவர்ற அலை. அதோட வேகத்த வெச்சு, அந்தமான் பக்கம் ஒரு பாறைத்தட்டு இன்னொண்ணுக்கு அடியில நுழையுறத படமாப் போடுவோம்."

"படம் கெடக்கட்டும். கடல் திரும்ப வருமா?"

"எங்க நுழையுதுன்னு தெரியும். எப்ப அதிரும்னு தெரியாதும்மா."

"உங்க புள்ளைய இங்க தூங்க வைப்பீங்களா?"

அவர் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். அந்த வாரமே நாம் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் இந்தத் தட்டாஞ்சாவடிக்குக் குடிவந்தோம். பொய்யாகவாவது 'வைப்பேன்' என்று அவர் ஏன் சொல்லவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.