‘மக்கள்’ வரும் கீ

வில்லியனூரில் நான் வேலை பார்த்த கடை ஓடியதே சாவால்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், மஞ்சள் நீராட்டு பேனர் எல்லாம் உண்டு. ஆனால் அதெல்லாம் மாதம் பார்த்து, முகூர்த்தம் பார்த்து வரும். சாவு எதையும் பார்க்காது. காலையில் உயிர் போனால் மத்தியானத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறிவிட வேண்டும். இல்லாவிட்டால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்று பேச்சு வரும். அழுதுகொண்டே வருகிறவர்கள்கூட உட்கார்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு “சீக்கிரம்மா” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

புருஷன் என்னை விட்டுப் போன பிறகு நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அப்பா உயிரோடு இருந்ததால் அங்கே எனக்கு ஓர் அறை இருந்தது. எங்கள் கத்தோலிக்கப் பங்கில் என்னைச் சொல்ல இரண்டே வழி: ஒன்று வாழாவெட்டி, இன்னொன்று போஸ்டர் அடிக்கிற பொண்ணு. இரண்டாவது என் விரல்கள் சம்பாதித்துக் கொடுத்த பெயர். வேலை போனால் முதலாவது மட்டும்தான் மிஞ்சும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தபோது அவ்வளவு பயந்தேன்.

டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். ஓய்வு எடுக்கிற வர்க்கமா நான்? இணையத்தில் தேடியதில் மெக்கானிக்கல் கீபோர்டு என்ற சமாச்சாரம் அகப்பட்டது. அதன் வயிற்றுக்குள் ஃபர்ம்வேர் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. அதைத் திருத்தி எழுதினால் எந்த கீ என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். மூலக்குளத்தில் ஒரு கல்லூரிப் பையன் வேண்டாமென்று போட்டிருந்ததை வாங்கினேன். யாரோ முகம் தெரியாத ஒருவர் இணையத்தில் பொதுவில் போட்டிருந்த லேஅவுட்டை, அதாவது கீக்களின் அமைப்பை, எடுத்து, சுண்டுவிரலுக்கு இருந்த வேலையையெல்லாம் கட்டைவிரலுக்கு மாற்றினேன். தப்புத் தப்பாக எழுதி, கீபோர்டு செத்து, மறுபடி உயிர் வந்து, ஒருவழியாகத் தமிழ் அடித்தது. வலி பாதியாகக் குறைந்தது. நானும் என் லேஅவுட்டைப் பொதுவில் போட்டேன்.

அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. லேஅவுட் எல்லோருக்கும். மேக்ரோ அவரவருக்கு. மேக்ரோ என்றால், ஒரு கீயை அழுத்தினால் ஒரு முழு வரியே வந்து விழும்படி எழுதி வைப்பது. அதைத் தனி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள், வெளியே காட்டமாட்டார்கள். எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடித்திருந்தது. என்னுடையது என்று சொல்ல அதற்கு முன் என்னிடம் எதுவும் இருந்ததில்லை.

என் மேக்ரோக்கள் எல்லாம் சாவு வரிகள். சிவலோக பதவி யாருக்கு, இயற்கை எய்தினார் யாருக்கு, எந்தத் தெருக்காரருக்கு எந்தப் பட்டம் போடாவிட்டால் சண்டை வரும், எல்லாம் அதில் இருந்தது. எங்கள் பங்கு ஆட்களுக்கு ‘ஆண்டவருக்குள் இளைப்பாறினார்’ என்றுதான் போட வேண்டும். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று போட்டால், செத்தவர் சபை மாறிவிட்டாரா என்று கோயில் வாசலிலேயே கேட்பார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் முதலாளி ஒரு தடவை ஒரு குடும்பத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் பரம்பரை வியாபாரக் குடும்பம். அவருக்கு எல்லா சிலுவையும் ஒரே சிலுவைதான்.

அந்த மேக்ரோக்களிலேயே ஒன்றைத்தான் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். போஸ்டரின் அடியில் துக்கப்படுகிறவர்களை ஜோடி ஜோடியாகப் போடுவார்கள்: மகன் – மருமகள், மகள் – மருமகன், பேரன் – பேத்தி. புருஷன் விட்டுப்போன மகள் இருந்தால் அந்த வரியில் பாதி காலி. மருமகன் எங்கே என்று ஊர் கேட்கும். அதற்கு பயந்து வரியையே எடுத்துவிடச் சொல்வார்கள். பெற்ற தகப்பன் செத்ததற்கு அழக்கூட அவளுக்கு ஒரு வரி இருக்காது. அப்படி எத்தனையோ பெண்களை என் விரலாலேயே அழித்திருக்கிறேன், சொன்னதைச் செய்பவள்தானே.

பிறகு ஒருநாள் வழி தோன்றியது. ஜோடியைப் பிரித்துவிட்டு, மேலே ‘மக்கள்’, கீழே ‘மருமக்கள்’ என்று போட்டால் போதும். மகன் பேரோடு மகள் பேரும் சேர்ந்து நிற்கும். யாருக்கு யார் ஜோடி என்று எவனும் எண்ணிப் பார்க்க முடியாது. ஒரே ஒரு சொல். அதை இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் வரும்படி வைத்தேன், தவறிக்கூட யார் கையிலும் படாத மாதிரி. வரியை எடுக்கச் சொல்லும் வீட்டுக்காரர்களுக்கு அதை அழுத்தித் திரையைத் திருப்பிக் காட்டுவேன். பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்கள்.

கடையில் என்னோடு இன்னொருத்தி வேலை பார்த்தாள். சின்னப் பெண், திருக்கனூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், என்னை அக்கா என்பாள். என் வேகத்தைப் பார்த்து முதலாளி அவளுக்கும் அதே மாதிரி கீபோர்டு வாங்கி, என் லேஅவுட்டை ஏற்றித் தரச் சொன்னார். ஏற்றினேன், பழகியும் கொடுத்தேன். அப்புறம் மேக்ரோவையும் கேட்டார். அது என்னுடையது, தர மாட்டேன் என்றேன்.

“கடையில வந்து இன்னாம்மா ஒன்னுது என்னுது?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பெரிய வெள்ளிக்கு நான் கோயிலுக்குப் போனேன். கடை திறந்திருந்தது. கம்ப்யூட்டர் தெரிந்த யாரையோ கூட்டிவந்து என் ஃபைலை எடுத்து அந்தப் பெண்ணின் கீபோர்டில் ஏற்றிவிட்டார்கள். ஈஸ்டர் பாஸ்கா முடிந்து கடைக்குப் போனபோது என் நாற்காலியில் பேனர் சுருள்கள் கிடந்தன. முதலாளி என் மணிக்கட்டைப் பற்றி மிகவும் அக்கறையாக விசாரித்தார்.

“கை நோவுதுன்னு சொல்லிக்கினே இருக்கியே, வூட்ல இருந்து நல்லா ரெஸ்ட் எடு” என்றார்.

என் வலியையே எடுத்து என் கழுத்தில் கட்டி அனுப்பினார். அந்தச் சின்னப் பெண் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள். என் லேஅவுட், என் வரிகள். சத்தம்கூட என்னுடையது.

சில வாரம் கழித்து அவள் போன் செய்தாள். மற்றதெல்லாம் கண்டுபிடித்துவிட்டாளாம். ‘மக்கள்’ என்று ஒன்று வருமே, அது எந்த கீ என்று கேட்டாள். யாரோ ஒரு வீட்டில் ஒரு மகள் இருக்கிறாளாம். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. திருடியவர்களுக்குப் பூட்டையும் நானே திறந்துவிட வேண்டுமா? போனை வைத்தேன். மறுபடியும் அவள் முயன்றாள், எடுக்கவில்லை. இன்றைக்கு அந்த போன் வந்தாலும் வைக்கத்தான் வைப்பேன்.

மழைக்காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். விடியற்காலையில் மூச்சு நின்றது. நான் அவரைக் குளிப்பாட்டுவதில் இருந்தபோது அண்ணன் வில்லியனூருக்கு போன் போட்டு விவரம் சொல்லியிருக்கிறார், அதே கடைக்கு. பக்கத்தில் இருக்கிற கடை, வேலை சுத்தமாக இருக்கும் என்றாராம். சுத்தமாகத்தான் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் எங்கள் மதிலில் ஒட்டிவிட்டார்கள்.

அப்பாவின் படம். மேலே சிலுவை. ஆண்டவருக்குள் இளைப்பாறினார், ஓர் எழுத்துப் பிழை கிடையாது. கீழே மகன் – மருமகள். அதற்குக் கீழே பேரன் – பேத்தி. வரிக்கு வரி நான் விட்ட இடைவெளிகூட மாறவில்லை. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு ஊட்டியவள் அதில் இல்லை.

அண்ணனிடம் கேட்டேன். அவசரத்தில் கவனிக்கவில்லை என்று வேறு பக்கம் பார்த்தார். அண்ணிதான் நேராகச் சொன்னாள்.

“மாப்ள எங்கன்னு நாலு பேரு கேப்பாங்க. ஒனக்குத்தான அசிங்கம்?”

எனக்காக யோசித்திருக்கிறாள். அவள் கன்னத்தில் அறையவேண்டும் போலிருந்தது. பிணம் கிடந்த வீடு என்பதால் தப்பித்தாள்.

மத்தியானம் கடையிலிருந்து மாலை வந்தது. கொண்டுவந்தது அந்தச் சின்னப் பெண். அப்பாவின் காலடியில் மாலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதிருந்தாள், நடிப்பில்லை.

“ஒங்க அண்ணன் அந்த வரிய எடுத்துடுன்னாருக்கா. எனக்கு மனசே வரல. அந்த மக்கள் எந்த கீயின்னு அன்னிக்கே கேட்டேன். சொல்லியிருந்தீங்கன்னா ஒங்க பேரு இருந்திருக்கும்.”

குத்திக் காட்டவேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். முப்பதாம் நாளுக்கு இன்னொரு போஸ்டர் அடிக்க வேண்டும், இப்போதாவது சொல்லுங்கள் என்றாள். அப்பாவின் முகத்தில் ஈ உட்கார்ந்தது. விரட்டிவிட்டேன்.

“நாலு எழுத்துடி அது. கையால அடி” என்றேன்.

சரிக்கா என்று தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலுக்குப் போகும்போது மதிலில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தது. அப்பாவின் அதே படம். மகன் – மருமகள். பேரன் – பேத்தி. தேதி மட்டும் மாறியிருந்தது.