வாஃபிளுக்கு ஒரு சிவப்புச் சட்டை

மார்லிஸ் ட்வெட் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்த அரசு அலுவலகக் கவுன்ட்டரில் நடந்தது ஒரே வேலைதான். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வாசலருகே வண்டி நிறுத்தக் காரில் தொங்கவிட்டுக்கொள்ளும் நீல அட்டைக்கு மனு வாங்குவது. டாக்டர் சீட்டு சரியாக இருந்தால் அட்டையைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதான். மார்லிஸுக்கு அது போதாது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அந்தக் கதவு வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்பாள். வந்தவர்களும் வாயைத் திறக்காமல் நடப்பார்கள். நொண்டல் அவளுக்குத் திருப்தியாக இல்லையென்றால், மனுவில் ஏதோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மினசோட்டாக் குளிரில் அவர்கள் இன்னொரு நாள் வர வேண்டும்.

"பாதிப் பேருக்குக் கால்ல கோளாறு இல்ல. கடை வாசல்ல கார நிறுத்தணும்கிற ஆசைதான் கோளாறு" என்று வீட்டில் வந்து சொல்வாள். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய அவள் மகள் கிர்ஸ்டன், எத்தனையோ பேர் அந்தக் கதவு வரைக்கும் நடந்ததைப் பார்த்தபடியே வளர்ந்தாள்.

இப்பேர்ப்பட்ட மார்லிஸ்தான், ஓய்வு பெற்று ஆறு வருஷம் கழித்து, தன் நாய்க்குக் கள்ளச் சட்டை வாங்கினாள்.

நாயின் பெயர் வாஃபிள். பன்னிரண்டு வயதுப் பொமரேனியன், ஒரு கண்ணில் புரை. கணவர் ஆர்னே காலமான பிறகு அந்த வீட்டில் மூச்சு விடுகிற இன்னொரு ஜீவன் அது மட்டும்தான். ஒருமுறை நாய் விடுதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனபோது மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தது. அதிலிருந்து மார்லிஸ் எங்கேயும் போவதில்லை. இதற்கு யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், அவள் அன்பில் பொய் இல்லை. மற்றதில்தான்.

கிர்ஸ்டனுக்குக் கல்யாணம் நிச்சயமானது, அதுவும் கப்பலில். ஃப்ளோரிடாவில் ஏறி ஏழு நாள் கரீபியன் கடலைச் சுற்றி வரும் கப்பல். மூன்றாம் நாள் நடுக்கடலில், கேப்டன் முன்னிலையில் கல்யாணம். கப்பலில் வளர்ப்பு நாய்க்கு இடமில்லை. பார்வையில்லாதவருக்கு வழி காட்டுகிற, வலிப்பு வருமுன் எச்சரிக்கிற, பழக்கப்படுத்திய உதவி நாய்க்கு மட்டும் அனுமதி. மார்லிஸ் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் இணையத்தில் நாற்பது டாலருக்கு ஒரு சிவப்புச் சட்டை வாங்கினாள். முதுகில் 'உதவி நாய், தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. கூடவே வாஃபிளின் படம் போட்ட அடையாள அட்டை இலவசம். அப்படி ஓர் அட்டையைச் சட்டம் கேட்பதே இல்லை என்பது அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த மாவட்டத்தில் கிடையாது.

கப்பல்காரர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள். ஒழுங்காக 'மயக்கம் வருமுன் எச்சரிக்கும்' என்று ஒரு வரி எழுதிவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் படிவத்தில் காலிக் கட்டத்தைக் கண்டால் மார்லிஸுக்குக் கை அரிக்கும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள்.

நாய் எப்படி எச்சரிக்கும்? விடாமல் குரைக்கும். அதன் பிறகு எவ்வளவு நேரத்தில் மயக்கம்? பத்து நிமிடம். பயணியிடம் தென்படும் அறிகுறிகள்? இங்கேதான் அம்மையாரின் முப்பத்தொரு வருஷ அனுபவம் பொங்கியது. 'எனக்கு ஒன்றுமில்லை என்று சாதிப்பார். கோபப்படுவார். பேச்சில் குழப்பம் இருக்கும். நம்ப வேண்டாம். உடனே படுக்க வைக்கவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டாள்.

துறைமுகத்தில் அந்தச் சட்டையைப் பார்த்ததும் கிர்ஸ்டனின் முகம் வெளுத்தது.

"என்னம்மா இது? உனக்கு என்ன?"

"லேசாத் தலை சுத்தல். ஒண்ணும் பெரிசில்ல."

"எவ்வளவு நாளா? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"கல்யாண நேரத்துல எதுக்குன்னுதான். விடு."

பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா யூலா நின்றிருந்தாள். சவான்னா ஊர்க்காரி, நாற்பது வயதில் பார்வை போனவள். அவள் காலடியில் டியூக் என்கிற கறுப்பு லாப்ரடார், சிலை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. வாஃபிள் அதைப் பார்த்து ஏழெட்டு முறை குரைத்துவிட்டு, ஒரு பெட்டியின் மேல் காலைத் தூக்கியது.

"உங்க நாயும் வேலைக்காரனா சம்பந்தி?" என்றாள் யூலா.

"ஆமா. மயக்கம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடும்."

"அடேயப்பா. என் டியூக் எட்டு வருஷத்துல ரெண்டு தடவதான் குரைச்சிருக்கான். உங்காளு இப்பவே எட்டு தடவ குரைச்சாச்சு. கொஞ்சம் உக்காருங்களேன், விழுந்து வைக்கப் போறீங்க."

அதில் அக்கறை எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று மார்லிஸுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் உட்கார்ந்தாள்.

கப்பல் பயணிகளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பை நிறைய மஞ்சள் ரப்பர் வாத்துகளைக் கொண்டுவந்து, பேர் எழுதிய சீட்டைக் கழுத்தில் கட்டி, பூந்தொட்டிக்குப் பின்னாலும் படிக்கட்டுக் கம்பியிலும் ஒளித்து வைப்பார்கள். மற்றவர்கள் கண்டெடுத்துக் கூத்தாடுவார்கள். ஊரில் வங்கி நடத்தியவர், வழக்காடியவர் எல்லாம் இங்கே குனிந்து சோபாவுக்கு அடியில் வாத்து தேடுவார்கள். கிர்ஸ்டனும் மாப்பிள்ளை டெரலும் பழகியதே இப்படித்தான். அவன் ஒளித்த வாத்தை இவள் எடுத்தாள், மூன்று வருஷத்தில் கல்யாணம்.

வாஃபிளுக்கு வீட்டில் இருந்த ஒரே விளையாட்டுச் சாமானும் மஞ்சள் ரப்பர் வாத்துதான். அதைக் கண்டால் தன்னிடம் வரும் வரைக்கும் குரைக்கும்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது பக்கத்து மேஜைக்காரர் ஒரு வாத்தைத் தூக்கிக் காட்டினார். வாஃபிள் ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்துக்குள் இரண்டு பணியாளர்கள் சக்கர நாற்காலியோடு ஓடி வந்தார்கள். பின்னாலேயே லிகாயா என்கிற பிலிப்பைன்ஸ் நர்ஸ்.

"எனக்கு ஒண்ணுமில்லங்க" என்றாள் மார்லிஸ்.

லிகாயா பணியாளர்களைப் பார்த்துத் தலையசைத்தாள். படிவத்தில் இருந்தபடியே நடக்கிறது.

"நான் சொல்றது காதுல விழல? ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல!"

"கோவமும் வந்துடுச்சு" என்றாள் லிகாயா. "மேடம், பயப்படாதீங்க. நாங்க இருக்கோம்."

அன்றைக்கு வெட்டின எலுமிச்சை கேக் மார்லிஸுக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் வெந்நீர்த் தொட்டிப் பக்கம் போனாள். மேடத்துக்கு ஆகாது என்று தடுத்துவிட்டார்கள். ஒயின் கேட்டாள், ஆப்பிள் சாறு வந்தது. நடனத்துக்கு எழுந்தாள், பின்னாலேயே ஓர் ஆள் நாற்காலியோடு நின்றான். இரண்டு நாளில் வாஃபிள் ஐந்து வாத்துகளைக் கண்டுபிடித்தது. மார்லிஸ் ஐந்து முறை மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தாள். இவ்வளவு மரியாதையான சிறைவாசம் யாருக்கும் வாய்த்திருக்காது.

நாய்களுக்கென்று நாலாவது தளத்தில் மரத்தூள் நிரப்பிய ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். டியூக் யூலா சொன்னதும் போய், முடித்துவிட்டு வரும். வாஃபிள் மரத்தூளை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, நடைபாதைக் கம்பளத்தில் வேலையைக் காட்டும். மார்லிஸ் குனிந்து காகிதக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தபோது யூலா கடந்து போனாள். டியூக் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அவளை அழைத்துப் போயிற்று.

"ஈரமா இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள் யூலா.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி. மேல் தளத்தில் சின்ன மண்டபம், அறுபது நாற்காலி, கண்ணாடிக்கு அப்பால் கடல். பதினொன்றரைக்கு அதே மண்டபத்தில் வேறொரு ஜோடிக்குக் கல்யாணம். ஒரு நிமிஷம் தாமதிக்க முடியாது. வாஃபிளை அறையிலேயே விட்டுவிட்டு வரத்தான் மார்லிஸ் பார்த்தாள். லிகாயா விடவில்லை. "நாய் இல்லாம மேடம் எப்படி? அது முக்கியமாச்சே!" என்று தானே கயிற்றைப் பிடித்துக் கொண்டுவந்து முன்வரிசையில் விட்டாள்.

கிர்ஸ்டன் வெள்ளை உடையில் வந்து நின்றாள். அப்பா ஆர்னேயின் சட்டைப் பொத்தான் ஒன்றைப் பூங்கொத்தின் நாடாவில் தைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். இதற்காகத்தான் வந்தாள். இந்த ஒரு அரைமணி நேரத்துக்காக.

கேப்டன் பேசினார். டெரலின் தம்பி மோதிரங்களை எடுத்து நீட்டினான். எதில் வைத்து? மஞ்சள் ரப்பர் வாத்தின் கழுத்தில் கட்டி. அதே வாத்து, அவர்களைச் சேர்த்து வைத்த வாத்து. கூட்டம் "ஆ!" என்று உருகியது.

வாஃபிளும் பார்த்தது.

மார்லிஸ் அதன் வாயைப் பொத்தினாள், மடியில் அமுக்கினாள், காதில் கெஞ்சினாள். அது கேட்கவில்லை. பின் கதவு திறந்து சக்கர நாற்காலி வந்தது.

"ஐயோ வேணாம். எனக்கு ஒண்ணுமில்ல. தயவு செஞ்சு" என்றாள் மார்லிஸ்.

"அம்மா, அடம் பிடிக்காத!" கிர்ஸ்டன் கேப்டனை விட்டுவிட்டு ஓடி வந்தாள். கண்ணில் மை கரைந்துவிட்டது. "நாம தள்ளி வச்சுக்கலாம். கல்யாணம் எங்க போயிடப் போகுது."

அந்த நொடியில் ஒரு வாக்கியம் போதும். இது வெறும் நாய், நான் சொன்னது பொய். வாய் வரைக்கும் வந்தது. அறுபது பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யூலாவின் முகமும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மார்லிஸ் வாக்கியத்தை விழுங்கினாள்.

"நீங்க நடத்துங்க. நான் படுத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

லிஃப்டின் கதவு மூடியதும் விழுங்கியது எல்லாம் வெளியே வந்தது. "இங்க பாரு பொண்ணே, எனக்கு எந்தச் சீக்கும் கிடையாது. இந்தச் சட்டை நாற்பது டாலர். படிவத்துல எழுதினது பூராக் கட்டுக்கதை. என்னத் திருப்பிக் கொண்டு போ!"

"சரி மேடம்" என்று லிகாயா அவள் கையை இதமாகத் தட்டினாள். "பேச்சுல குழப்பம் வரும்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

மருத்துவ அறையில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அந்த ஆத்திரத்தில் அது நூற்றுத் தொண்ணூறைத் தொட்டிருந்தது. டாக்டர் ஒரு மணி நேரம் அசையக் கூடாது என்றுவிட்டார். சுவரில் கடிகாரம் பதினொன்று இருபது காட்டியது. பிறகு பதினொன்று முப்பது. வாஃபிள் அவள் காலடியில் சுருண்டு நிம்மதியாகக் குறட்டை விட்டது.

பன்னிரண்டுக்கு யூலா வந்தாள். டியூக் அவளைக் கட்டிலுக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தியது. கையில் ஒரு தட்டில் கேக்.

"முடிஞ்சுதா?" என்றாள் மார்லிஸ்.

"முடிஞ்சுது. கண்ணு இருக்கிறவங்க நீங்க பாக்கல, நான் பாத்துட்டு வந்திருக்கேன். சொல்லட்டுமா?"

மார்லிஸ் அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"உங்க பொண்ணு கை நடுங்கிச்சு. பூங்கொத்துல ஏதோ பொத்தான் தொங்குது போல, அது மோதிரத்துல பட்டு டிக் டிக்குனு கேட்டுக்கிட்டே இருந்திச்சு. என் பையன் குரல் கம்மிப்போச்சு. கேப்டன் கேட்டதும் உங்க பொண்ணு உடனே பதில் சொல்லல. முகத்த இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டுத்தான் 'சம்மதம்'னு சொன்னா. குரல் வந்த திசை எனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்து நாற்காலி. உங்க காலி நாற்காலி."

மார்லிஸ் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யூலா அவள் அழுது முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"உங்களுக்கு மொத நாளே தெரியுமில்ல?" என்றாள் மார்லிஸ்.

"பெட்டி மேல காலத் தூக்கின சத்தத்துலயே தெரியும்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"வேஷம் போடுறியான்னு என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க. அந்தக் கேள்விய நான் இன்னொருத்தர்கிட்டக் கேக்க மாட்டேன்." யூலா தட்டை நீட்டினாள். "போன மாசம் எங்க ஊர் ஓட்டல்ல என்னையும் டியூக்கையும் வாசல்லயே நிறுத்திட்டான். முந்தின வாரம் சிவப்புச் சட்ட போட்ட நாய் ஒண்ணு யாரையோ கடிச்சிடுச்சாம். கேக் சாப்பிடுங்க. அந்தக் குட்டிக்குச் சட்டையக் கழட்டி விடுங்க, புழுங்கும்."

மார்லிஸ் எழுந்து உட்கார்ந்து, வாஃபிளின் சட்டையைக் கழற்றினாள். அதைக் கையில் சுருட்டி வைத்திருந்தபோதுதான் கதவு திறந்தது. கல்யாண உடையோடு கிர்ஸ்டன்.

"எப்படிம்மா இருக்கே? டாக்டர் என்ன சொன்னார்?"

"எனக்கு ஒண்ணுமில்ல கிர்ஸ்டன்."

"இதத்தான் நீ சொல்லுவேன்னு நர்ஸ் சொன்னாங்க."

"எப்பவுமே ஒண்ணுமில்ல. வாஃபிள விட்டுட்டு வர மனசில்ல. பொய் சொன்னேன்." சட்டையை நீட்டினாள். "இது கடையில வாங்கினது."

கிர்ஸ்டன் அந்தச் சட்டையைப் பார்த்தாள். யூலாவைப் பார்த்தாள். டியூக் கொட்டாவி விட்டது.

கிர்ஸ்டன் உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அவள் பேசியபோது குரலில் கோபம்கூட இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஆயிரம் தடவை கேட்ட குரல் அது.

"எழுந்திரும்மா. இந்தக் கதவு வரைக்கும் கொஞ்சம் நடந்து காட்டு."

மார்லிஸ் எழுந்தாள். கட்டிலிலிருந்து கதவுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். நடந்தாள். தள்ளாட்டம் இல்லை, தயக்கம் இல்லை, எந்தக் கோளாறும் இல்லாத இரண்டு நல்ல கால்கள். கிர்ஸ்டன் கடைசி அடி வரைக்கும் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.