வந்த மழைக்கும் சோறு

எங்கள் பெரியம்மா பிச்சைக்குப் போன அன்று நான் போட்ட கூப்பாட்டை, அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தில்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு அன்றைக்கு உயிரே போய்விட்டது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. பருத்தியும் கம்பும் போடுகிற பெரிய சம்சாரி வீடு. வீட்டையும் காட்டையும் ஆண்டது பெரியம்மாதான். பெரியப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். ஊரில் யாருக்குப் பிரசவ வலி கண்டாலும் அவள் போய் நிற்பாள். பள்ளிக்கூடத்து மதியச் சோற்றுக்குத் தானியம் திரட்டியவளும் அவளே. அப்படிப்பட்டவள் ஒரு காலையில் மண்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஊர்ப் பெண்களோடு வீடு வீடாகக் கஞ்சி கேட்டுக் கிளம்பினால் ஏழு வயதுப் பெண்பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

அது மழைச்சோறு என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. வானம் பொய்த்த வருடம் பெண்கள் இப்படி உப்பில்லாக் கஞ்சி வாங்கி, ஒன்றாகக் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து குடிப்பார்கள். பிறகு ஒப்பாரி வைத்துவிட்டு, ஊரைவிட்டே போகிறவர்கள் போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். ஆண்கள் மறித்துத் திரும்பக் கூட்டிவர வேண்டும். அதைப் பார்த்து வானம் இரங்குமாம். மூட்டைக்குள் இருப்பதெல்லாம் பழந்துணிதான்.

எனக்கென்ன தெரியும்? பெரியப்பா வழியை மறித்து, “எங்க போறிய எல்லாரும்?” என்றார்.

“மழையில்லாத ஊர்ல எங்களுக்கு என்ன சோலி? பஞ்சம் பொழைக்கப் போறோம்” என்றாள் பெரியம்மா. முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் பாய்ந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். “போகாத பெரியம்மா! நான் இனிமே அடம் பிடிக்காமக் கம்மங்களி திங்கேன்!”

ஒப்பாரி குலைந்துபோய் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் உதைத்துப் புரண்டதில் பின்னால் நின்ற எதிர்வீட்டு அத்தை தடுமாறி, அவள் தலைமூட்டை கீழே விழுந்தது. தொம் என்று ஒரு சத்தம். முடிச்சு அவிழ்ந்து ஓர் அம்மிக்குழவி உருண்டு வந்தது. கூடவே ஒரு சல்லடை, பிள்ளைகளின் இரண்டு சட்டை.

எல்லோருடைய சிரிப்பும் நின்றது. எனக்கு மட்டும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. தலையில் தூக்குகிற மூட்டையில் யாராவது குழவியை வைத்துக் கட்டுவார்களா? அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

பெரியம்மா குனிந்து குழவியை எடுத்து, பச்சைப்பிள்ளையை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். “இது எங்க வீட்டுல கெடக்கட்டும். அரைக்கணும்னா அங்கன வந்து அரைச்சுக்கோ” என்றாள் அத்தையிடம். பிறகு பெரியப்பாவைப் பார்த்து ஒரு அதட்டல்: “என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுங்க, நல்லாச் சத்தமா!”

பெரியப்பா அத்தையைப் பார்த்தே கூப்பிட்டார். “திரும்பி வா தாயி. மழை வரும்.”

அத்தை திரும்பினாள். பெரியம்மாவும் திரும்பினாள். அப்பாடா! வீடு போய்ச் சேரும்வரை நான் அவள் சேலைத் தலைப்பை விடவே இல்லை.

அந்த வாரமே மழை கொட்டியது. கரிசல் குழைந்து காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, ஊரே விதைக்க ஓடியது. ஆனாலும் பெரியம்மா மறுநாளும் சட்டியை எடுத்தாள். அதற்கு மறுநாளும். கம்பு கதிர் முற்றும் வரைக்கும் மழைச்சோறு நிற்கவில்லை. கஞ்சியில் இப்போது உப்பு இருந்தது.

“மழைதான் வந்துட்டே பெரியம்மா, இன்னும் எதுக்கு?” என்று கேட்டேன்.

“ஏட்டி, வந்த மழைக்குப் பசிக்காதா?” என்றாள்.

நான் அப்படியே நம்பினேன். நிறைந்து போகிற சட்டி தினமும் எதிர்வீட்டுக்குள் போய்த்தான் காலியாகி வந்தது. அதனால் மழை அந்த வீட்டில்தான் குடியிருக்கிறது என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.