டவர் எட்டாத கொல்லை

தீர்த்தகிரிக்கு முதன்முதலில் அது வந்தது சாமை அறுப்பின்போது. மலைச்சரிவில் இருந்த பள்ளத்துக் கொல்லையில் தனியாகக் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவருக்கு நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது. மூச்சு ஏறி நின்றது. விரல்கள் மரத்துப்போயின. இத்தோடு முடிந்தது என்று வரப்பிலேயே படுத்துவிட்டார். பக்கத்துக் கொல்லைப் பழனிதான் அவரைத் தோளில் சாய்த்து மேட்டுக்கு ஏற்றி, அங்கிருந்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தில் வருவது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மனைவி மாதம்மாளுக்கு நிம்மதி வந்தது. அவருக்கு வரவில்லை. ஒன்றும் இல்லாததா அப்படி அடித்துக்கொள்ளும்? பிறகு கலசப்பாக்கம் கடைத்தெருவில் ஒருமுறை வந்தது, பேருந்தில் ஒருமுறை வந்தது. பள்ளத்துக் கொல்லைக்கு இறங்குவதையே விட்டுவிட்டார். மறு வருஷம் உழவு, களை, அறுப்பு எல்லாம் மாதம்மாள் தலையில் விழுந்தது. அவள் இடுப்பு தாங்கவில்லை. இந்த ஆடிக்கும் அவர் இறங்காவிட்டால் விளைச்சலில் பாதி என்று கொல்லையைப் பழனிக்கு வாரத்துக்கு விட்டுவிடலாம் என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

டாக்டர் கைகாட்டியபடி திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் பிரியதர்ஷினி என்ற மனநல ஆலோசகரிடம் போய்வரத் தொடங்கினார். மகள் வயசுப் பெண். பேச்சில் என்ன வைத்தியம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அவள் விளக்கிய விதம் பிடிபட்டது. நெஞ்சு வேகமாக அடிக்கிறது, உடனே செத்தேன் என்று நினைப்பு ஓடுகிறது, அந்த நினைப்பே நெஞ்சை இன்னும் வேகமாக அடிக்க வைக்கிறது. அந்த நினைப்பு சரிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். பயப்படுகிற இடத்துக்கே போய், பயம் தானாக இறங்கும்வரை நின்று பார்க்க வேண்டும். மாடிப்படியில் அவரை வேகமாக ஏறி இறங்கச் சொன்னாள். நெஞ்சு அடிப்பதையும் பிறகு அடங்குவதையும் அவரே கவனித்தார். பயம் பத்துக்கு எத்தனை என்று அவள் கேட்டபோது அவருக்கு எண் வாயில் வரவில்லை. தானியம் அளக்கிற மாதிரி அரைப்படி, முக்கால்படி என்றார். அவளும் அப்படியே கேட்கப் பழகிக்கொண்டாள்.

வீட்டில் செய்யச் சொன்னதையெல்லாம் செய்தார். கடைத்தெருவுக்குப் போனார். பேருந்தில் நடுவில் உட்கார்ந்தார். பாறைச் சரிவில் தனியாக ஏறி உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு தடவையும் திருப்பத்தூரில் ஒரே பதில்தான். “பரவால்லீங்க மேடம். கால்படிதான்.” நமக்காக இவ்வளவு பாடுபடுகிற பெண்ணிடம் சரியாகவில்லை என்று எப்படிச் சொல்வது? சோறு போட்டவர்களிடம் உப்பு இல்லை என்று சொல்வது போல இருந்தது அவருக்கு. ஆனால் கொல்லைக்கு இறங்க நாள் குறித்தால் மட்டும் மழை வந்தது, முட்டி வலித்தது, ஊரில் திருவிழா வந்தது.

வைகாசியில் ஒருநாள் மாதம்மாளும் கூட வந்தாள். எப்படி இருக்கிறது என்று பிரியதர்ஷினி கேட்க, அவர் வழக்கம்போல வாயைத் திறந்தார். மாதம்மாள் முந்திக்கொண்டாள்.

“இன்னா பரவால்ல? பாறை மேல ஏறி போனத் தூக்கித் தூக்கிப் பாக்குது. டவர் காட்டுற எடத்துலதாம்மா இவரு தைரியமும் காட்டும். பள்ளத்துல டவர் இல்ல. அதான் எறங்கமாட்டேங்குது.”

அவர் தலை குனிந்தார். அது பொய்யில்லை. போன எல்லா இடத்திலும் சட்டைப்பையில் கை வைத்தபடியேதான் நின்றிருந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியும் என்பதால்தான் பயம் இறங்கியதே தவிர, நெஞ்சின் மேல் நம்பிக்கை வந்து இறங்கவில்லை. பிரியதர்ஷினி கோபப்படவில்லை. போன் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அவர் குனிந்த தலையை நிமிர்த்தினார். பிறகு முதல்முறையாக அவளை எதிர்த்துப் பேசினார்.

“மேடம், நீங்க கீழ இருக்கீங்க. எங்க அண்ணன் ஆனந்தன அந்தக் கொல்லையிலதான் பாம்பு கடிச்சிது. டோலி கட்டித் தூக்கினு வந்தோம். முன்னாடி கம்பு என் தோள்ல. ரோட்டுக்கு வர்றதுக்குள்ள போய்ட்டாரு. அங்க ஒண்ணுன்னா யாரும் வரமுடியாது. இது நெனப்பு இல்ல, நெசம்.”

அண்ணனைப் பற்றி இத்தனை மாதத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செத்தவரைப் பற்றி ஆஸ்பத்திரியில் எதற்கு என்று விட்டிருந்தார். பிரியதர்ஷினி பேனாவை மூடி வைத்தாள்.

“அது நெசம்தாங்க. அங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா உங்க அண்ணனக் கொன்னது பாம்பு. உங்களுக்கு வர்றது படபடப்பு. ரெண்டையும் ஒரே டோலியில கட்டித் தூக்கிட்டுத் திரியிறீங்க.”

வைத்தியம் உண்மையில் அன்றுதான் தொடங்கியது என்று மாதம்மாள் பின்னால் சொல்வாள். எந்த இடத்தில் தொடங்குவது என்பதைக்கூட இந்த முறை அவரே சொன்னார். முதலில் டவர் எடுக்காத இலுப்பை மரத்தடி. அடுத்தது ஓடை. அதற்கடுத்து கொல்லை மேடு, போனை வீட்டிலேயே வைத்துவிட்டு. பயம் இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை என்றே திருப்பத்தூரில் போய்ச் சொன்னார். ஒருநாள் ஓடையிலிருந்து பாதியில் ஓடி வந்ததையும் சொன்னார். படி நிரம்பி வழிந்தது என்றார். அப்போது மனதில் என்ன ஓடியது என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள். அண்ணன் தோளில் கனத்ததுதான் ஓடியது.

ஆடி மழை விழுந்த மறுநாள் காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினார். போன் வீட்டில் இருந்தது. அண்ணன் விழுந்த இடத்தருகே வந்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. விரல்கள் மரத்தன. மேட்டைத் திரும்பிப் பார்த்தார். கால் ஓடச் சொன்னது. ஓடவில்லை, உட்காரவும் இல்லை. ஏரைப் பூட்டி மேழியைப் பிடித்தார். அழுகை வந்தது. டோலியை இறக்கி வைத்த அன்று அழாத அழுகை. மாடுகள் தம் பாட்டுக்கு நடந்தன, அவரும் பின்னால் அழுதுகொண்டே நடந்தார். படபடப்பு எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. கவனித்தபோது அது இல்லை.

எதிர்ச் சரிவிலிருந்து பழனி குரல் கொடுத்தான்.

“இன்னாண்ணே, கொல்லைய நான் பாத்துக்கவா, இல்ல நீயே வெதைக்கிறியா?”

“நானே வெதைக்கிறேன்டா,” என்றார்.

மறுநாள் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நெஞ்சு படபடத்தது. மாதம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள், விதை மூட்டையை எடுத்து நீட்டினாள். அவர் விதைச் சாமையைத் தோளில் போட்டுக்கொண்டு, படபடப்போடேயே இறங்கினார்.