காசிம் பாய் இறங்கவிருந்த கரித் தொட்டி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முத்தியால்பேட்டை வீட்டில் வாசலில் கட்ட வாங்கி வைத்த திருஷ்டிப் பூசணிக்காயையே கூட்டு வைக்கச் சொன்னவன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் மேட்டுப்பாளையத்தில் ஒரு கரிப் பட்டறையில் இருந்தேன். அடுப்புக்கரி இல்லை, ஆலைக் கழிவுநீரை வடிகட்டுகிற கரி. சாயமும் நாற்றமும் ஏறி அது வீணானதும் அள்ளிவந்து, சூளையில் நீராவி விட்டுச் சுட்டால் மறுபடி புதுசாகிவிடும். அள்ளுவது நானும் காசிம் பாயும். ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குவார், மற்றவர் வெளியே காவல். உள்ளே இருப்பவர் அவ்வப்போது மண்வெட்டியால் இரும்புச் சுவரைத் தட்ட வேண்டும், தட்டல் நின்றால் மேலே இழுத்துவிட வேண்டும். பாய் தட்டுவது தனி ரகம்: இரண்டு தட்டு, சின்ன இடைவெளி, அப்புறம் ஒன்று.

அன்று மத்தியானம் ஒரு சாய ஆலையில், முந்தின நாளே தண்ணீர் வடித்து மூடிவைத்திருந்த தொட்டி. பாய் மேலே ஏறி மூடியைத் திறந்தார், நான் கயிறு எடுக்க வண்டிக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கயிறில்லாமலே ஒரு காலை உள்ளே விட்டிருந்தார். அப்படிச் செய்கிற ஆளே இல்லை அவர். அந்த நேரம் பார்த்துத் தொட்டிக்குள்ளிருந்து சத்தம். இரண்டு தட்டு, இடைவெளி, ஒன்று. சத்தியமாகச் சொல்கிறேன், பாய் கையில் மண்வெட்டியே இல்லை.

ஓடி ஏறி அவர் சட்டையைப் பிடித்தேன். “பாய், எறங்காதீங்க!”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நீ இங்கயா இருக்க?”

ஆலைக்காரர்கள் காற்றுப் பார்க்கிற மீட்டரை உள்ளே விட்டார்கள். பாதி இறங்குவதற்குள் அது அலறியது. மூடிய இடத்தில் ஈரக் கரி பிராணவாயுவைத் தின்றுவிடும், இறங்கினால் இரண்டு மூச்சில் ஆள் காலி. டார்ச் அடித்துப் பார்த்தோம். கரி மட்டும்தான், ஒரு கால் தடம்கூட இல்லை.

அப்புறம் டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். “உள்ள நீங்க தட்டற மாதிரியே கேட்டுச்சு பாய். அதான் புடிச்சேன்” என்றேன்.

பாய் கிளாஸைக் கீழே வைத்தார். “தட்டா? எனக்குக் கேக்கலயே. நீதான உள்ளேர்ந்து கூப்ட்ட, மூச்சு முட்டுது பாய், தூக்குங்கன்னு? உன் கொரலுடா. அதான் கயிறக்கூடப் பாக்காம காலை வெச்சேன்.”

தட்டியது எதுவோ, அதற்கு இன்றைக்கும் ஒரு கும்பிடு போடுவேன். கூப்பிட்டது எது என்றுதான் தெரியவில்லை. பாய் இப்போதும் நல்ல சிநேகம்தான். ஆனால் நான் போன் செய்தால் எடுப்பதில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறார்.