கமறாத மிளகாய்

உள் அறையில் மிளகாய் படபடவென்று வெடித்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமலுக்குக் காத்திருந்தாள். உள்ளே ஒருவரும் இருமவில்லை.

"பாத்தியாடி பாஞ்சால! சுத்திப் போட்டும் நெடி வரலியே!" பெரியநாயகி அலறிக்கொண்டு வந்தாள். "இந்த மருமவ கால் வெச்சதுலேர்ந்து வூட்டுல எழவுதான். நாளைக்கு மொத பஸ்ஸுல பெண்ணாடத்துல அவ அம்மா வூட்டுக்கு ஏத்திடறேன். புள்ள இங்க இருக்கட்டும்."

குழந்தையை நெஞ்சோடு அணைத்து நின்ற மருமகள் விருத்தாம்பாளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அது அறுபத்தொன்பதாம் வருஷம். பல வருஷம் முன்னால், பால்குடி மறவாத தன் மகளைப் பிடுங்கிக்கொண்டு தன் மாமியார் விரட்டிய நாளிலிருந்து, கருவேப்பிலங்குறிச்சி மிளகாய்த் தோட்டங்களே பாஞ்சாலைக்கு வாழ்வு. நாக்கில் வைத்தே காயின் வயதைச் சொல்வாள். அந்த நாக்கு பொய் சொன்னதில்லை என்பது ஊர்ப்பேச்சு.

உள்ளே போய், முறத்தில் மிஞ்சிய மிளகாயைப் பிளந்து நக்கினாள். புல்லைத் தின்றது போல இருந்தது.

"இது ஏதுக்கா?"

"மழையில உதிர்ந்தது. எம்மவன் பாக்டரி சூளைச் சூட்டுல காய வெச்சு எடுத்தாந்தான்."

"பிஞ்சுக்கா! பூ உதிர்ந்து இருவது நாளாவது ஆவாம உள்நரம்புல காரம் ஏறாது. செவக்கறப்பதான் உச்சிக்குப் போவும். அப்புறமும் செடியிலயே சுருங்க வுட்டா கொஞ்சம் எறங்கிடும். பிஞ்சப் போட்டுட்டு பொண்ணு மேல பழி போடறீங்களே!"

"வாயாடாத. நீயே போட்டுக் காட்டு."

தன் கையால் பறித்துக் காயவைத்த சிவப்பு மிளகாய் நான்கு பாஞ்சாலையின் மடியில் இருந்தன. ஒன்றைக் கடித்தாள். நாக்கு தீயாய் எரிந்தது. மற்ற மூன்றால் குழந்தையைச் சுற்றி நெருப்பில் போட்டாள்.

வெடித்தன. கருகின. புகை எழுந்தது.

நெடி இல்லை.

பாஞ்சாலை மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தாள். குழந்தை இமைக்காமல் கூரை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தது. விருத்தாம்பாளின் கண்கள் பாஞ்சாலையைக் கெஞ்சின. ஐயோ, அந்தக் கண்களை அவள் அறியாதவளா?

பாஞ்சாலை குனிந்து இருமினாள். கண்ணில் நீர் வரும்வரை இருமினாள்.

"அய்யோ, கமறுதேக்கா!" என்றாள். பெரியநாயகியும் இருமினாள். விருத்தாம்பாளும் இருமினாள்.

"பஸ்ஸுக்கு ஏத்தறதா இருக்கீங்களாக்கா?"

"எந்த பஸ்ஸு? புள்ளையத் தூங்க வைடி, போ!"

"போயிட்டு வரேங்க்கா."

வாசற்படியில் பாஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். குழந்தை இப்போது மூலையைப் பார்க்கவில்லை. பாஞ்சாலையின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்து, அன்று முதல் முறையாகச் சிரித்தது.

பாஞ்சாலையின் நாக்கில் அதுவரை இருந்த எரிச்சல், உள்ளே கமறாமல் போன மிளகாயைப் போலவே, சட்டென்று அவிந்தது. பெரியநாயகி கதவைச் சாத்தினாள்.